சாவிச் சின்னத்தின் கிளைச் செயலாளர்

கடைசல் பட்டறையில் அவரை எல்லாரும் ‘மூணாவது அணி’ என்றே அழைத்தார்கள். இரண்டு பெரிய கட்சிகள் மாறி மாறி ஆண்ட மாநிலத்தில், ஓர் இடத்தைக்கூட வென்றறியாத சிறிய இடதுசாரிக் கட்சியொன்றின் கிளைச் செயலாளராக அவர் இருபத்தெட்டு ஆண்டுகளைக் கழித்திருந்தார். கேலிக்கு அவர் முகம் சுளித்ததில்லை. இரும்புத்தூள் படிந்த விரல்களால் துண்டறிக்கையை நீட்டி, “படிச்சுட்டு அப்புறம் எண்ணெய் துடைங்கப்பா” என்பார். அவர்கள் படிக்காமலே துடைப்பார்கள்.

மிதிவண்டிக் கடைக்கு மேலிருந்த ஓர் அறைதான் கிளை அலுவலகம். உறுப்பினர் பதினொருவர், நாற்காலிகள் ஒன்பது.

அந்தத் தேர்தலில் மூன்று விழுக்காடு வாக்கேனும் கிடைக்காவிட்டால் சாவிச் சின்னம் கட்சியின் கையைவிட்டுப் போய்விடும் என்ற நிலை. அவர் படியேறாத வீடில்லை. “எங்களுக்குப் போட்டா வீணாப் போயிடும்னு நெனைக்காதீங்க” என்று தொண்டை கட்டும்வரை சொன்னார்.

வாக்குப்பதிவன்று காலை, “இந்தத் தடவையாவது ஜெயிக்கிற கட்சிக்குப் போடுங்களேன், ஒரு மாறுதலுக்கு” என்றாள் மனைவி.

“உனக்கு எல்லாம் விளையாட்டு.”

வாக்குச்சாவடி மறைப்புக்குள் நின்றபோதுதான் அவருக்கு விரல் தயங்கியது. ஆளுங்கட்சி மீண்டும் வந்தால் தொழிற்சங்கங்களின் குரல்வளையை நெரித்துவிடும். அதை வீழ்த்தும் வலு பெரிய எதிர்க்கட்சிக்குத்தான் உண்டு. சாவிக்கு மற்றப் பத்துப்பேர் இருக்கிறார்களே. தம் ஒரு வாக்கால் என்ன குறைந்துவிடும்? எதிர்க்கட்சிக்குப் போட்டுவிட்டுத் தலைகுனிந்தபடி வெளியே வந்தார்.

ஆளுங்கட்சியே வென்றது. சின்னம் பறிபோனது. பதினொருவரும் வாக்களித்த அந்த ஒரே சாவடியில் சாவிக்கு விழுந்திருந்தது ஒரு வாக்கு.

அன்று மாலை அறையில் எவரும் எவர் முகத்தையும் பார்க்கவில்லை. மின்பணியாளர்தான் முதலில் வாய் திறந்தார். “பெரிய கேடு வந்துடக் கூடாதேன்னு நான் அந்தப் பக்கம் போட்டேன். நீங்கல்லாம் இருக்கீங்களேன்னு ஒரு தைரியம்.”

“நானும் அதே நெனப்புலதான்யா” என்றார் அஞ்சல்காரர். ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். கடைசியாக அவரும்.

“அப்ப அந்த ஒண்ணு யாரோடது?”

கேட்டுக்கொண்டே அஞ்சல்காரர் பதினொரு பேரையும் விரல்விட்டு எண்ணினார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். “நம்ம சாவடியில மொத்தமே ஒண்ணுதான் விழுந்திருக்கு” என்றார்.

மடித்த கை நின்றது. “ஒண்ணா? அது நான் போட்டதுங்க. இத்தனை வருஷமா அலையிற மனுஷனாச்சேன்னு போட்டேன்.” சற்றே யோசித்தாள். “அப்ப உங்களோடது எங்க?”

அவர் சட்டையில் குத்தியிருந்த தகரச் சாவியைக் கழற்றினார். அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவள் இன்னொரு முறை கேட்டுவிடக் கூடாதே என்று, அதைக் கைக்குள் மூடியபடி நின்றார்.

அவள் கேட்கவில்லை. அடுத்த துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.