கூழைக்கடாவின் கண்ணில் என் துண்டு

எங்கள் ஊர் கோவில்பதாகையில் லேத்துப் பட்டறை, மாடி வீடு, இரண்டு லாரி. நாலாம் வகுப்போடு நின்ற நான் ஒண்டியாளாக உண்டாக்கினேன். யாரும் கைதட்டியதில்லை.

ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்துகிறேன். திருட்டுத்தனமாக விரித்த வலையில் ஒரு கூழைக்கடா சிக்கிக்கொண்டு, கிட்டே வருபவர்களைக் கொத்துகிறது. வனத்துறைப் பெண் அதிகாரி என் துண்டைக் கேட்டு வாங்கி அதன் கண்ணை மூடுகிறார். பறவை அடங்குகிறது. வலையை அறுத்துப் பறக்க விடுகிறார். ஒரே கைதட்டல். எல்லோரும் அவரைப் படம் பிடிக்கிறார்கள், என் துண்டு அவர் தோளில் கிடக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது.

“இன்னா நைனா, நீ மட்டும் உர்ருனு கீறே?” என்கிறார் மீன் விற்கும் அம்மா.

“அது என் துண்டும்மா.”

“அதுக்கு இன்னா, உனக்கு மாலை போடணுமா?”

நேராக அதிகாரியிடம் போகிறேன். “மேடம், பேப்பர்ல வந்தா, துண்டு கோவில்பதாகை லேத்துக்காரரோடதுன்னு ஒரு வரி போடச் சொல்லுங்க.”