சாச்சாவின் இரண்டு ரக்அத்

சாச்சாவின் தொழுகைப் பாயை இன்றைக்கும் விரித்தால் தானாகச் சுருண்டுகொள்கிறது. மன்னாரிலிருந்து தப்பி வந்த படகில் அவர் கொண்டுவந்த பன்பாய். தொழுத கையோடு சுருட்டிக் கயிறு கட்டி மூலையில் நிறுத்திவிடுவார், வெளியே யாரோ வாகனத்தோடு காத்து நிற்பதைப் போல.

தொண்ணூறில் இயக்கத்துக்காரர்கள் முஸ்லிம்களான எங்கள் ஆட்களை ஊரைவிட்டுத் துரத்தினார்கள். நான் பிறந்தது அதற்குப் பிறகு, நுரைச்சோலைப் பக்கத்து முகாமில். வாப்பாவின் தம்பியான சாச்சாவும் சாச்சியும் பக்கத்துக் கொட்டில். பிள்ளையில்லாத அவர்களின் மடியில்தான் வளர்ந்தேன். பயணத்தில் இருப்பவர் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. சாச்சா அதை இருபது வருடம் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளூர் இமாமுக்குப் பின்னால் நின்றால் நான்கும் தொழவேண்டி வருமென்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ தவிர பள்ளிப் பக்கமே போகமாட்டார். இத்தனை காலம் ஓரிடத்தில் இருப்பவன் பயணியாக முடியாது என்று மௌலவி வீடு தேடி வந்து கிதாபை விரித்துக் காட்டினார். சாச்சா தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தார்.

எனக்கு அவர்மேல் சரியான கோபம். அவர் பயணி என்றால் இங்கேயே பிறந்த நான் யார்? பள்ளிக்கூடத்தில் அகதிப் பிள்ளை என்றவர்களோடு சண்டை பிடித்துவிட்டு வந்தால், வீட்டில் இவரும் அதையேதான் தொழுதுகொண்டிருந்தார்.

சாச்சி அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கொட்டிலுக்குள் தரை வெறும் மணல். கச்சான் காற்று அடித்தால் சோற்றிலும் மணல், படுக்கையிலும் மணல். சாச்சிக்கோ இழுப்பு வருத்தம். ஒரு சீமெந்துத் தரை போட்டுத் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நாளைக்குப் போற நமக்குத் தரை என்னத்துக்கு?" என்பார் சாச்சா, ஆறுதல் சொல்வதுபோல. போர் முடிவதற்கு முந்திய கச்சான் காலத்தில் சாச்சி அந்த மணலிலேயே மூச்சு முட்டி மௌத்தானார்.

போர் முடிந்து பாதை திறந்ததும் சாச்சா பாயைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். துணைக்கு நான். ஊர் இருந்த இடத்தில் காடு நின்றது. பள்ளியில் தொழும் திசையைக் காட்டும் மிஹ்ராப் சுவர் மட்டும் மிச்சம். போத்தல் தண்ணீரில் முகம் கைகால் கழுவி உளூச் செய்து, முள்ளை விலக்கிப் பாயை விரித்தார். நடுப்பகல், லுஹர் நேரம். இனி நான்கு ரக்அத்; வழி நெடுக அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டாவது முடிய உட்கார்ந்தவர் எழும்பவில்லை. வலப்பக்கம் திரும்பி ஸலாம் கொடுத்தார், இடப்பக்கமும் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டார். பழக்கதோசம் சாச்சா, திரும்பத் தொழுங்கள் என்றேன்.

"இல்ல மகள். இங்கயும் நான் முசாபிர்தான், பயணிதான்."

முகாமுக்குத் திரும்பி வந்தவர் நேராக மையவாடிக்குப் போய்ச் சாச்சியை அடக்கிய கபுறடியில் பின்னேரம் அஸர் வரைக்கும் இருந்தார். அந்தக் கிழமையே சீமெந்து வாங்கி, யாரையும் தொடவிடாமல் தன் கையாலேயே கொட்டிலுக்குத் தரை போட்டார். தரை இறுகியதும் பாயை விரித்து நின்றார். இரண்டாவது முடிந்து மூன்றாவதுக்கு எழும்பினார். நான் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கும் முடிய அவர் முகத்தில் இருந்த அமைதியை அதற்குமுன் நான் கண்டதில்லை. அதைப் பார்க்க எனக்கு அழுகைதான் வந்தது.

"பயணத்தில இருந்தது நான் மட்டும்தான் மகள்," என்றார். "அவ இங்கதான் இருந்திரிக்கிறா."

சாச்சாவும் இப்போது இல்லை. வெள்ளிக்கிழமைகளில் வந்து அவர்களின் கொட்டிலைக் கூட்டுகிறேன். பாயின் மூலைகளுக்குக் கல் வைத்து நான்கு ரக்அத் தொழுகிறேன். போன கிழமை தொழுது முடிந்து தரையைக் கையால் தடவிப் பார்த்தேன். குளிர்ந்து கிடந்தது, ஒரு பொட்டு மணல் ஒட்டவில்லை. சாச்சி அதில் ஒருநாளும் உட்காரவில்லை.