டைமர் போட்டியா?

நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் எழுந்து போகிறவள் நான்தான். கோளாறு வயரில் இருக்கும், இல்லையென்றால் ஆளிடம் இருக்கும், மூன்றாவது ஒன்று கிடையாது என்று வாதாடுகிறவள்.

தென்காசியில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் வேலை. தெருத்தெருவாக லைன் கொடுக்கிற ரவுட்டர்களில் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் பேட்ச் போட்டு அடைப்பது என் பொறுப்பு. மற்ற ஊர்களில் இதை ராத்திரியில் செய்வார்கள். எங்களுக்கு ஆகாது, வளைகுடாவில் இருக்கிறவர்கள் வீட்டோடு பேசுவதே ராத்திரியில்தான். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகை நேரத்தில்தான் லைன் காலியாகக் கிடக்கும்.

என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன் காசிம். வெள்ளிதோறும் தொப்பியை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "ஏட்டி, டைமர் போட்டியா?" என்பான். "போட்டுட்டேன், போலே!" என்று கத்துவேன். வேலையைத் தொடங்கும் முன், பத்து நிமிடத்தில் நீயாகவே அணைந்து எழு என்று ரவுட்டருக்குச் சொல்லிவைப்பதுதான் அந்த டைமர். நாம் ஏதாவது சொதப்பினாலும் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஒழுங்காக முடிந்தால் ரத்து செய்துவிடலாம்.

போன ஐப்பசியில் செங்கோட்டை ரோட்டில் பைக் விபத்தில் காசிம் போய்விட்டான். அவன் பயனர் கணக்கை எல்லா ரவுட்டரிலும் நான்தான் என் கையால் அழித்தேன். அன்று சோறு இறங்கவில்லை.

இந்தச் சாரல் சீசனில் ஒரு வெள்ளி. பக்கத்து ஊர் ரவுட்டரில் யாரோ ஓட்டை வழியாக நுழைந்துவிட்டார்கள், எங்கள் குற்றாலம் ரவுட்டருக்கு அன்றே பேட்ச் போட்டாக வேண்டும். குற்றாலத்தில் எங்கள் லைன் வைத்திருக்கும் சைனம்பு என்ற பெண் போன் செய்தாள்.

"அக்கா, ரெண்டு மணிக்கு அவுகளுக்கு சவூதில ஆபரேஷன். அதுக்கு முன்னால ஒருக்க மொகத்தப் பாத்துக்கிடுதேன். லைன் இருக்கும்லா?"

"இருக்கும்மா. நான் இருக்கேம்லா."

பேட்ச் ஏறிவிட்டது. கடைசியாக, வெளியாள் உள்ளே நுழையக்கூடிய ஒரு வழியை மூட வேண்டும், தப்பான வழியை மூடினேன். மொத்த லைனும் செத்தது, ஆபீஸிலிருந்து என்னாலும் ரவுட்டருக்குள் போக முடியவில்லை, நேரில் போனால்தான் உண்டு. டைமர் போடவில்லை. கேட்க ஆள் இல்லையே, மறந்துவிட்டேன்.

மணி ஒன்று இருபது. வாக்குக் கொடுத்தாயிற்று, அழுது என்ன பயன்? ஸ்கூட்டியை எடுத்தேன். குற்றாலம் ரோடு முழுக்கச் சீசன் கூட்டம், வண்டியை ஓரத்தில் போட்டுவிட்டு நனைந்துகொண்டே ஓடினேன். பாதி வழியில் முதலாளி அண்ணாச்சியின் போன்.

"லைன் வந்துட்டும்மா. சீக்கிரமாப் போயிட்டியே!"

"நான் இன்னும் போயே சேரலயே அண்ணாச்சி."

குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் மொட்டைமாடியில்தான் எங்கள் ரவுட்டர் அறை. பூட்டு பூட்டியபடி இருந்தது, சாவி என் பையில். திறந்து லேப்டாப்பைச் செருகிப் பதிவைப் பார்த்தேன். ஒன்று இருபத்தைந்துக்கு டைமர் போடப்பட்டிருக்கிறது, பத்து நிமிடம். போட்ட இடம், ரவுட்டரிலேயே கேபிள் செருகும் வாய். அந்த அறைக்குள் நிற்காமல் அது முடியாது. போட்டவர் பெயர், காசிம். பயனர் பட்டியலைத் தேடினேன், அப்படி ஒரு கணக்கே இல்லை.

ஆனாலும் சரியான வழியை மூடி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். சைனம்பு புருஷனைப் பார்த்துவிட்டாள், ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

யாரோ பழைய பாஸ்வேர்டு வைத்திருப்பார்கள் என்றார் அண்ணாச்சி. நானும் அப்படியே நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன், போன வெள்ளி வரைக்கும்.

அன்று ஆய்க்குடிக்குப் புது ரவுட்டர், பெட்டியை நான்தான் பிரித்தேன். காசிம் கண்ணால் பார்த்திராதது. பேட்ச் போடும் முன் மறக்காமல் டைமர் கட்டளையைத் தட்டினேன். திரையில் பதில் வந்தது: டைமர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் ஒன்பது நிமிடம்.

வேலையை முடித்தேன். டைமரை ரத்து செய்தேன். "போட்டாச்சுலே, நீ தொழப் போ" என்று சத்தமாகவே சொன்னேன்.