ஐயாவுக்குச் சொன்ன காரணம்

கணினி விஞ்ஞானப் பட்டப்படிப்பை நான் இடையில் விட்டவன். ஏன் விட்டான் என்பதற்கு ஊரில் ஒரு பதில் இருக்கிறது: விழுந்து கிடந்த தகப்பனைப் பார்ப்பதற்காகப் படிப்பைத் தூக்கி எறிந்த பிள்ளை. முப்பது வருடமாக இந்த நல்ல பெயரை ஓசியில் அனுபவித்து வருகிறேன். அது பொய்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன. புத்தூரிலிருந்து சைக்கிள் மிதித்து, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய்க் கம்பியூட்டர் படித்தேன் என்றால் இன்றைக்கும் சிரிப்பார்கள். படித்தது கடதாசியில்தான். கொப்பியில் புரோகிராம் எழுதுவோம். பிறகு அதைப் பென்சிலால் ஓட்டுவோம். அதாவது ஒவ்வொரு வரியாக வாசித்து, எந்த எண் எப்படி மாறுகிறது என்று பக்கத்தில் எழுதிக்கொண்டே போவது. இதில் எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. எழுதியவன் தன்னுடையதைத் தானே ஓட்டக்கூடாது, கொப்பியை மாற்றிக்கொள்ள வேண்டும். தானே ஓட்டினால் எழுதியதை வாசிக்கமாட்டான், மனதில் நினைத்ததைத்தான் வாசிப்பான்.

நான் மாற்றவில்லை. என் கொப்பியில் இன்னொருவன் பென்சில் வைப்பதா என்ற திமிர். வகுப்பில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருந்தேன். அதைக் கடதாசியில் எடுத்தேன் என்பது மறந்துபோயிருந்தது.

செய்முறைப் பரீட்சைக்கு ஜெனரேற்றர் போட வேண்டும். ஆளுக்கொரு போத்தல் மண்ணெண்ணெய் கொண்டுவருவதென்று மாணவர்கள் நாங்களே பேசி முடிவெடுத்தோம். அந்த நாளில் மண்ணெண்ணெய் லேசில் கிடைக்கிற சாமான் அல்ல. வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புக்கென்று ஐயா, என் தகப்பன், ஒரு போத்தலைச் சாக்கில் சுற்றி ஒளித்து வைத்திருந்தார். நான் அதைக் கேட்கவே இல்லை. பரீட்சையன்று காலையில் அவரே கொண்டுவந்து என் சைக்கிள் கரியரில் கட்டினார்.

“பம்புக்கு என்ன செய்வியள், ஐயா?”

“துலா கிடக்குத்தானே. நீ போய் அந்த மிசினை ஓட்டிக் காட்டிப்போட்டு வா, தம்பி.”

ஆளுக்கு இருபது நிமிடம். என் முறை வந்ததும் எழுத்துகளைத் தேடித் தேடிக் குத்தி, புரோகிராமை ஓடவிட்டேன். திரையில் எண்கள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. நிற்க வேண்டிய இடத்தில் நில் என்று சொல்லும் வரியை நான் எழுதியிருக்கவில்லை. கொப்பியில் ஓட்டியபோதெல்லாம் அந்த இடம் வந்ததும் என் பென்சில் தானாகவே நின்றிருக்கிறது. எங்கே நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது.

“காணும், நிப்பாட்டும்” என்றார் விரிவுரையாளர். நிறுத்தவும் எனக்குத் தெரியவில்லை. அவரே வந்து அணைத்துத் திரும்பப் போட்டார். அதில் நேரமும் எண்ணெயும் வீணாய்ப் போயின. இன்னும் இரண்டு பேர் மிச்சம் இருக்கையில் எண்ணெய் முடிந்து ஜெனரேற்றர் நின்றுபோனது. ஒருவரும் என்னை ஏசவில்லை. அடுத்த மாதம் நீங்கள் மூன்று பேரும் திரும்பச் செய்யலாம் என்று விரிவுரையாளர் தன்மையாகத்தான் சொன்னார். எனக்கு அந்தத் தன்மையைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் வழக்கம்போலக் கொப்பியோடு புறப்பட்டு, வளாகத்துக்குப் போகாமல் உடுவிலில் இருந்த ஒரு பழைய பள்ளித்தோழன் வீட்டுக்குப் போனேன். அங்கே பின்னேரம் வரை சீட்டாட்டம். படிப்பை விடுவதா, திரும்பப் போய் அந்த அறைக்குள் நுழைவதா என்று தினமும் சைக்கிளில் யோசித்துக்கொண்டு போவேன். உடுவில் வந்ததும் யோசனை நின்றுவிடும். இப்படி இரண்டு கிழமை.

அந்த இரண்டு கிழமையும் அயல்காரர் ஒருவர் கீழே நின்று தண்ணீர் ஊற்ற, ஐயா கிணற்றடியில் உயர நிற்கும் துலாவில், அந்த ஏற்ற மரத்தில், ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதித்தார். அது இளந்தாரிகளின் வேலை. ஐயாவுக்கு அறுபதை நெருங்கும் வயது. நான் வீட்டில் நின்றிருந்தால் நான்தான் மிதித்திருப்பேன். நான் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து அவர் மிதித்தார்.

ஒருநாள் கால் தவறி விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. ஆள் அனுப்பி வளாகத்தில் என்னைத் தேடியிருக்கிறார்கள். நான் உடுவிலில் கையில் சீட்டோடு இருந்தேன். பின்னேரம் வந்து, நூலகத்தில் இருந்தேன் என்றேன். எல்லோரும் நம்பினார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு கிழமையாக வராத முடிவை ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன்.

“நான் இனிக் கம்பசுக்குப் போகேல்லை, ஐயா. தோட்டத்தைப் பாக்கிறன்.”

ஐயா அழுததை அன்றைக்குத்தான் முதலில் கண்டேன். “என்னாலை உன்ரை படிப்புப் போச்சே, தம்பி” என்றார்.

“அப்பிடிச் சொல்லாதேங்கோ” என்றேன். நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அதையும் என் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு இரண்டு வருடம் இருந்தார். நேராக நடக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், “கம்பியூட்டர் படிச்ச பிள்ளை, நான் விழுந்து கெடுத்துப்போட்டன்” என்பார். அவர்கள் என்னை மெச்சுவார்கள். நான் அவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பேன். சொல்லிவிட வேண்டும் என்று பலநாள் வாய் வரை வந்தது. சொன்னால் அவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்ற பயம்தான் ஒவ்வொரு முறையும் வென்றது.

சாவதற்கு முதல் நாள் என் கையைப் பிடித்தார்.

“என்னை மன்னிச்சுக்கொள், தம்பி.”

“ஓம், ஐயா” என்று தலையாட்டினேன்.