காட்டேரியின் வயிறு

வெண்டெல் ஊஸ்ட்பியைத் தெரியாதவர் எங்கள் ஊரில் இல்லை. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் வடக்கு மூலையில், சாலைப் பனியைத் தள்ளும் லாரிக்காரரைத் தெரியாமல் குடித்தனம் நடத்த முடியுமா? ஐம்பத்திரண்டு வயது. வழுக்கை. கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குக் காரணம் அவர் பேச்சு. வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டதுபோல் ஏதோ முனகுவார். அதற்குள் எதிரில் நிற்பவருக்கு வேறு வேலை வந்துவிடும்.

ஆனால் யாராவது எழுதிய எழுத்தை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். லூத்தரன் சபைக் கோயிலில் அவர் பைபிளின் ஏசாயா தீர்க்கதரிசியை வாசித்தால் கடைசி வரிசையில் தூங்குகிறவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். அவருடைய அக்கா ஆர்டிஸ், நகரத்தில் ஒலிப்புத்தகம் தயாரிக்கும் இடத்தில் வேலை பார்ப்பவள், அதை ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"இந்தக் குரலைத் தீர்க்கதரிசிக்கு மட்டும் குடுத்து வீணாக்காதடா," என்று ஒரு புத்தகத்தை அனுப்பிவைத்தாள்.

பிரித்தால் காட்டேரிக் காதல் கதை. முந்நூறு வயதுப் பிரபு, வெளிறிய அழகன், ஒருத்தியின் கழுத்தைப் பார்த்துப் பார்த்து உருகுகிறான். கடிக்க மனம் வரவில்லை. முதல் பக்கத்திலேயே வெண்டெலின் காது சிவந்துவிட்டது. ஆனாலும் குளிர்கோட்டுகள் தொங்கும் அலமாரிக்குள் உட்கார்ந்து, புனைபெயரில் படித்துப் பதிவுசெய்து அனுப்பினார். இப்போது ஏழாவது புத்தகம். லூத்தரன்காரர்கள் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் இந்த மாதிரிக் கதையெல்லாம் கேட்க மாட்டார்கள்; கேட்டாலும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

கடைத்தெரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் மார்லிஸ் கத்தோலிக்கர். அவர் கேட்பார், ஊருக்கே சொல்லவும் செய்வார். புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருடமாகிறது. தக்காளி சாஸ் புட்டிகளை நிரப்பும்போதெல்லாம் கைப்பேசியில் காட்டேரிப் பிரபு உருகிக்கொண்டே இருப்பான். ஓரத்து மேசையில் வெண்டெல் தலைகுனிந்து ஆப்பிள் பை என்ற பலகாரத்தைத் தின்பார். மார்லிஸ் மேல் அவருக்கு அப்படியொரு ஆசை. அந்தக் குரல் நாமென்று தெரிந்தால் சிரிப்பாளே என்ற பயம் ஆசையைவிட ஒரு சுற்றுப் பெரியது.

இறைச்சி விலக்கும் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கக் கோயிலில் மீன் வறுத்துப் போடுவார்கள். அங்கே ஒருத்தியோடு சேர்ந்து போய் உட்கார்ந்தால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. மார்லிஸை அழைக்க வேண்டுமென்று பனிக்காலம் முழுக்க வெண்டெல் வாயைத் திறந்தார். ஒவ்வொரு தடவையும் "ஆப்பிள் பை" என்றுதான் வந்தது. இதற்குள் எரிவாயு வண்டிக்காரர் டெல்மர், தலை நிறைய முடி உள்ளவர், முந்திக்கொண்டு அழைத்துவிட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றிருந்தார் மார்லிஸ்.

அந்த நாளை வந்தது. விடியுமுன்னே லாரி ஏறிய வெண்டெல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கடைக்குள் நுழைந்தார். டெல்மர் ஏற்கெனவே தலைவாரி உட்கார்ந்திருந்தார்.

"என்ன முடிவு பண்ணுன, மார்லிஸ்?"

"இரு, டெல்மர். நாலாவது புத்தகத்துல நல்ல கட்டம் ஓடுது. வெண்டெல், நீயும் கேளுப்பா."

வெண்டெலுக்கு உயிர் போய்விட்டது. அந்தக் கட்டம் அவருக்குத் தெரியும். நாள் முழுக்கப் பட்டினியாகப் பனி தள்ளிவிட்டு வந்து படித்தது. பிரபு அவள் கட்டிலருகே குனிகிறான். "என் பசி உன்னைக் கேட்காது. நான்தான் கேட்கிறேன்," என்கிறான். உடனே ஒரு சத்தம்: அடியில் உறுமி, நடுவில் புரண்டு, கடைசியில் கேள்விபோல் மேலே எழும்பும் சத்தம். பதிவில் புகுந்த அதைக் கம்பெனிக்காரர்கள் கவனிக்கவில்லை. அதைக் கேட்ட நாளிலிருந்து வெண்டெல் ஒரு மாதம் கண்ணாடியே பார்க்கவில்லை. கண்ணாடியில் உருவம் தெரியாத காட்டேரிக்குப் பொருத்தம்தான்.

"வயிறுப்பா அது," என்றார் மார்லிஸ். "முந்நூறு வருஷப் பட்டினி, பாவம். அந்த வார்த்தையில எல்லாம் நான் மயங்கல. இந்த வயித்துச் சத்தத்துலதான் விழுந்தேன்."

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். அன்று ரகசியமும் சேர்ந்து பறந்தது. அடியில் உறுமி, நடுவில் புரண்டு, கேள்விபோல் எழும்பி, ஓரத்து மேசையிலிருந்து அதே சத்தம் வந்தது.

மார்லிஸ் கைப்பேசியை நிறுத்தினார். அவர் சிரிக்கவில்லை.

"நீயா?"

வெண்டெல் மேசையைப் பார்த்துத் தலையாட்டினார்.

"பேசேன், அந்தக் குரல்ல."

"எழுதி இருக்கறதப் படிச்சாத்தான் வரும், மார்லிஸ்," என்று முனகினார். "எனக்குத் தானா வார்த்தை வராது."

மார்லிஸ் ஆர்டர் எழுதும் தாளைக் கிழித்து, விறுவிறுவென்று எதையோ எழுதி அவர் முன்னால் வைத்தார்.

"அப்ப இதப் படி."

வெண்டெல் படித்தார். காபிக் கோப்பைகள் அதிர்ந்தன. டெல்மரின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது.

"மார்லிஸ், வெள்ளிக்கிழமை மீன் சாப்பிட என்னோடு வருகிறாயா?"

"வர்றேன்," என்றார் மார்லிஸ். "குளிர் பூரா இதுக்குத்தானேப்பா காத்துக்கிட்டிருந்தேன்."

அடுத்த வார்த்தையை எழுதித்தர யாருக்கும் அவகாசமில்லை. "நானும்தான்," என்றார் வெண்டெல். கோப்பைகள் மறுபடியும் அதிர்ந்தன.