வீட்டு வான்காரியின் பங்கு

அந்த வெள்ளைக்காரியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். பாவம், அவள் எனக்கு ஒரு கெடுதியும் செய்யவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

எண்பதாம் ஆண்டுக்குக் கிட்டவாக இருக்கும். சோளகக் காற்றுத் தொடங்கி, முல்லைத்தீவுக் கடல் அடங்கிக் கிடந்த மாதங்கள். புருசனும் பெண்சாதியுமாக ஒரு வான் வண்டியில் வந்து, எங்கள் மீன்வாடிக் குடிசைகளுக்குப் பக்கத்தில் தாழம்பற்றை நிழலில் நிறுத்தினார்கள். ரவுணில் றெஸ்ற் ஹவுஸ் இருந்தது, அங்கே போகவில்லை. வானே அவர்களுக்கு வீடு. உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்க் குழாய், யன்னலுக்குப் பூப்போட்ட சீலை. நான் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து நிற்க, அவள் ஒரு திருகு திருகினால் நீல நெருப்பு. கண்டறியாத குசினி! எட்டிப் பார்த்துவிட்டு வந்த அன்று என் சட்டிபானை ஒன்றுமே எனக்குப் பிடிக்கவில்லை.

குசினியோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். என் வீட்டில் அப்போது வேறு கரைச்சல். என் மனுசனின் காலில் திருக்கை முள் ஏறி, பாதம் வீங்கி, மாதக்கணக்கில் பாயோடு கிடந்தார். அவர் கரைவலையில் கயிறு இழுக்கிறவர். எங்கள் கரையில் சட்டம் ஒன்றுதான்: கயிறு பிடித்தவருக்குப் பங்கு, பிடிக்காதவருக்கு இல்லை. முதலில் இரங்கிக் கொஞ்ச மீன் தந்தார்கள். பிறகு அதுவும் நின்றது. பிள்ளைகளுக்கு மரவள்ளிக்கிழங்கை அவித்து அவித்துக் கொடுத்தேன். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் எனக்குத் தூரத்துச் சித்தப்பா முறை. வெட்கத்தை விட்டு அவரிடம் போனேன்.

“சித்தப்பா, இவரின்ர இடத்தில நான் நிண்டு இழுக்கிறன். பங்கைத் தாங்கோ.”

“உனக்கென்ன விசரே பிள்ளை? பொம்பிளை கயிறு தொட்டா வலையில மீன் தங்குமே? போய்க் கருவாட்டைப் பார்.”

கருவாடு காயப்போடுகிறதற்கும் மீன் தெரிந்தெடுக்கிறதற்கும் எங்களுக்கு ஒரு அள்ளு மீன் தருவார்கள். அதைப் பங்கு என்று எவரும் சொல்வதில்லை.

வான் வந்து சில நாளில் கரையில் கதை தொடங்கியது. வெளியூரார் எங்கள் கரையில் வாடி போட்டுத் தங்கினால் ஒரு நாள் மீனை மாதா கோயிலுக்குக் கொடுக்க வேண்டும். நீர்கொழும்பில் இருந்து சீசனுக்கு வருகிறவர்கள் முகம் கோணாமல் கொடுப்பார்கள். “வாடிக்குச் சில்லுப் பூட்டி உருட்டிக்கொண்டு வந்தா வரி இல்லையோ?” என்று ஆட்கள் கேட்டார்கள். கோயில் மூப்பர் கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்து இங்கிலீஸ் பழகியவர். அவர்தான் போய்க் கதைத்தார். வெள்ளைக்காரன் உடனே காசை நீட்டினான். மூப்பர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கடல் தந்ததைத்தான் கோயிலுக்குக் கொடுக்கலாம். காசு வாங்குகிற பழக்கம் எங்களிடம் இல்லை.

“மீன் இல்லாட்டி உடம்பால கட்டட்டும்” என்று மூப்பர் தீர்ப்புச் சொன்னார். “நாளைக் காலமை வந்து கயிறு பிடிக்கட்டும்.”

காலையில் வெள்ளைக்காரன் வந்தான். பின்னாலேயே அவளும் வந்து, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என் மனுசன் நிற்கிற இடத்தில் போய்க் கயிற்றைப் பிடித்தாள். கடகப் பெட்டியோடு நின்ற நான் சம்மாட்டியாரைப் பார்த்தேன். இப்போது கத்துவார், இப்போது கத்துவார் என்று பார்க்கிறேன், அவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்! அவளுக்கு இழுக்கவும் தெரியாது. குதிக்காலை ஊன்றத் தெரியாமல் மணலில் பொத்தென்று குந்தினாள். அதற்கும் எல்லாருக்கும் சிரிப்பு. நான் விழுந்திருந்தால் வருசக்கணக்காகச் சொல்லிக் காட்டியிருப்பார்கள்.

வலை வெறுமையாக வரவேண்டும் என்று மாதாவிடம் மன்றாடிக்கொண்டு நின்றேன். மாதா காதில் வாங்கவில்லை. அன்றைக்கென்று வலை நிறையச் சூடை மீன், நடுவில் பாரையும் துள்ளியது.

பங்கு பிரிக்கும்போதுதான் மூப்பரின் தீர்ப்பு எங்கே கொண்டுபோய் விட்டதென்று விளங்கியது. அவர்கள் வரி கட்ட வந்தவர்கள். ஆனால் கயிறு பிடித்துவிட்டார்களே! பிடித்த கைக்குப் பங்கு வைக்காவிட்டால் நாளைக்கு வெறும் வலைதான் வரும் என்று இழுவைக்காரர் முணுமுணுத்தார்கள். சம்மாட்டியார் தலையைச் சொறிந்தார். வழமைபோல ஆளைச் சொல்லிச் சொல்லிக் குவியல் வைத்தவர், கடைசியில் “இது வெள்ளைக்காரனுக்கு, இது வெள்ளைக்காரிக்கு” என்று கரை முழுக்கக் கேட்கச் சொல்லி இரண்டு குவியல் வைத்தார். அவனுடையதை மூப்பர் வரியென்று கோயிலுக்கு எடுத்துக்கொண்டார். அவளுடையது அவளுக்கு. பேசினில் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு சிரித்தபடி வானுக்குப் போனாள். அந்தக் கரையில் ஒரு பெண் தன் பங்கைத் தானே அள்ளிக்கொண்டு போனதை அன்றுதான் கண்டேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து மனுசனிடம் கத்தினேன்.

“இஞ்ச பாரப்பா, அவள் வரி கட்டத்தானே வந்தவள்” என்றார். “நாளைக்குப் போயிடுவாள்.”

“போகட்டும். அவள் நிண்ட இடத்தில நாளைக்கு நான் நிப்பன்.”

மறுநாள் விடிய வான் புறப்பட்டது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

“விடு பிள்ளை!” என்றார் சம்மாட்டியார்.

“ஏன் சித்தப்பா? நேற்று அவள் பிடிக்க மீன் ஓடினதே? வெள்ளைத் தோலுக்கு வந்த மீன் என்னைக் கண்டு ஓடுமோ?”

யாரோ சிரித்தார்கள். சம்மாட்டியார் முகத்தைக் கடலுக்குத் திருப்பிக்கொண்டார். நான் இழுத்தேன். ஒருக்காலும் விழவில்லை. உள்ளங்கை உரிந்து, உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. மீனும் வந்தது. நேற்றைப்போல் இல்லாவிட்டாலும் எல்லார் வீட்டுக் கறிக்கும் போதுமாக இருந்தது.

குவியல் வைத்துக்கொண்டு வந்த சம்மாட்டியார், என் முன்னால் வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் என் மனுசனின் பெயரைச் சொன்னார்.

“இழுத்தது நான்” என்றேன்.

“பங்கு அவன்ர” என்றுவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

பிள்ளைகளின் பசியை நினைத்து வாயை மூடிக்கொண்டு அள்ளி வந்தேன். மத்தியானம் சூடைக் குழம்பு. பிள்ளைகள் சட்டியை வழித்தார்கள். உரிந்த கையால் சோறு பிசைய முடியாமல் நான் கரண்டியால் தின்றுகொண்டிருந்தேன். பாயில் இருந்த மனுசன் மீனில் முள்ளெடுத்தபடி பிள்ளைகளுக்குச் சொன்னார்:

“சம்மாட்டியார் நல்ல மனுசன். பாத்தியளே, நான் எழும்ப ஏலாமக் கிடந்தும் என்ர பங்கைத் தந்திட்டார்.”