முனியராஜ் அவசரப்படப் பழகுகிறான்

சாவி, சில்லறை, இடுப்புப் பெல்ட் எல்லாவற்றையும் வாசற்படியில் எடுத்து வைத்து, செருப்பைக் கழற்றி, உள்ளங்கையால் சுவரை ஒருமுறை தொட்ட பிறகுதான் முனியராஜ் எந்த வீட்டுக்குள்ளும் கால் வைப்பான். கல்யாண வீடானாலும் அப்படித்தான். நாற்காலியை இழுக்க மாட்டான், தூக்கி வைப்பான். அவன் டம்ளரைக் கீழே வைத்தால் தரைக்கே தெரியாது.

நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி மருந்து ரூமுக்கு அவன் போர்மேன். கெமிஸ்ட்ரி பட்டதாரி. வெடிமருந்தைக் கலந்து சலிக்கும் அந்த அறையில் உரசக் கூடாது, தட்டக் கூடாது, ஓடவே கூடாது. உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கட்டும் என்று வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். இப்படியே வருஷக்கணக்கில் இருந்ததில் அவன் நிதானம் ஊருக்குள் கதையாகிவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் அவன் கேசரியைக் கிள்ளி வாயில் வைப்பதற்குள் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்து மூத்த பிள்ளைக்கு மொட்டையும் போட்டுவிட்டார்கள். இதைச் சொன்னால் அவன் அம்மா பேச்சியம்மாள், அதே தெருவில் இருக்கும் டீச்சர் என்றும் பாராமல் என்னை முறைப்பாள். மொட்டை மட்டும்தான் நான் சேர்த்தது.

2006இல் எம். புதுப்பட்டிப் பக்கம் நடந்த ஒரு பட்டாசு விபத்தில் அவனுடைய மச்சான் ராக்கப்பன் புகையைக் குடித்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தான். தலைமாட்டில் ஒரு பெண் நின்றுகொண்டே இருந்தாள். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. மூச்சுக் கருவியைத் திருகி அளவு வைப்பது, குழாயில் அடைத்த சளியை உறிஞ்சி எடுப்பது, நெஞ்சில் காற்று ஏறுகிறதா என்று கேட்டுப் பார்ப்பது, இதெல்லாம் அவள் வேலை. ராக்கப்பன் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டான். முனியராஜின் மனசு அந்தக் கருவியின் பக்கத்திலேயே நின்றுவிட்டது. இதற்கு என்ன படிக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணிடமே கேட்டு வந்தான். ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் என்று பேர். டிகிரி முடித்தவர்களுக்கு அதில் மேல்படிப்பு மதுரையில் ஒரு தனியார் கல்லூரியில் இருந்தது.

மறுவருஷம் அதில் சேருவதற்கான எழுத்துத் தேர்வில் பிரமாதமாகத் தேறினான். செய்முறைத் தேர்வில் மாட்டிக்கொண்டான். மூச்சு நின்ற ஆளாக ஒரு ரப்பர் பொம்மையைக் கிடத்தியிருப்பார்கள். மணி அடித்ததும் ஓடிப்போய் அதன் முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தி, பையை அழுத்திக் காற்றுக் கொடுக்க வேண்டும். மணி அடித்தது. முனியராஜ் செருப்பைக் கழற்றினான். வாட்சைக் கழற்றினான். சுவரைத் தொட்டான். கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்த்ததும் அவன் நடை இன்னும் மெதுவானது.

"தம்பி, அந்த ஆளு போய்ச் சேந்துட்டாரு," என்றார் தேர்வு நடத்திய டாக்டர். "நீங்க இன்னும் வந்து சேரலை."

ஆனாலும் அவர் இரக்கப்பட்டார். சேர வேண்டிய ஒருவர் வராததால் ஓர் இடம் காலியாக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வந்து இன்னொரு முறை செய்து காட்டலாம். அதுதான் கடைசி என்றார்.

தீபாவளி ஆர்டர் குவியும் ஆவணி மாதம். கம்பெனியில் லீவு கிடையாது. பகலெல்லாம் மருந்து ரூமில் பூனை நடை. சாயங்காலம் வீட்டில் ஓட்டம். கட்டிலில் ஒரு தலையணை கிடக்கும். வாசலிலிருந்து பேச்சியம்மாள், "மூச்சு நின்னுபோச்சுலே!" என்று கத்துவாள். அவன் அடுப்படியிலிருந்து பாய்வான். அந்தச் சத்தத்தில் எங்கள் தெருப் பூனைகள் மொத்தமும் மூட்டை கட்டிக்கொண்டு விஸ்வநத்தத்துக்குக் குடிபோய்விட்டன.

பேச்சியம்மாள் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. அவளும் அதே கம்பெனியில் நாலு ஷெட் தள்ளித் திரி வெட்டுகிறவள். "டீச்சர், சாயங்காலம் ஓடுலேங்கேன். காலையில ஓடிராதலேன்னு கும்பிடுதேன். ஓடுத கை மருந்து ரூமுக்குள்ள வந்திராதுன்னு யாரு கண்டா?"

புதன்கிழமை வந்துவிட்டது அந்தக் கை. வெளியே லோடுக்காரன் அவசரப்படுத்த, முனியராஜ் சல்லடையை எடுத்து மேஜைமேல் வைத்தான். டக் என்று ஒரு சத்தம். மற்ற ஊரில் அது ஒரு சத்தமே இல்லை. மருந்து ரூமில் இருந்தவர்கள் குனிந்தது குனிந்தபடி நின்றார்கள். கலவைத் தட்டில் வெள்ளைப் பொடி சும்மா கிடந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று நம்புவதற்கே வெகுநேரம் ஆனது.

கலவை போடும் கருத்தப்பாண்டி ரெண்டு கையாலும் அந்தச் சல்லடையைத் தூக்கி ரப்பர் விரிப்பில் வைத்தார். திட்டவில்லை.

"வெளிய போ, முனியா. ஒங் கை மாறிப்போச்சு. நீ அங்கன போயிப் பொளைச்சுக்கோ. எங்கள இங்கன பொளைக்க விடு."

முனியராஜ் நேரே முதலாளியிடம் போய், இனி மருந்து ரூமுக்குள் நுழைய மாட்டேன் என்று சொன்னான். சீசன் நடுவில் போகிறவன் திரும்பி வர வேண்டாம் என்றார் அவர். சரி என்று இறங்கி வந்துவிட்டான். கையில் இருந்த வேலை போனது. படிப்போ இன்னும் கைக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை பேச்சியம்மாளுக்குத் துணையாக நானும் மதுரைக்குப் போனேன். தேர்வு அறைக்குக் கண்ணாடிக் கதவு. அவள் அதைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. முனியராஜ் ஓடினான். இடையில் இருந்த ஸ்டூல் உருண்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மாஸ்க்கை வைத்துப் பையை அழுத்தினான். பொம்மையின் நெஞ்சு எழவில்லை. கன்னத்தோரம் காற்று புஸ்ஸென்று ஒழுகியது. டாக்டர் பேனாவைத் திறந்தார். முனியராஜ் பொம்மையின் தாடையைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, மாஸ்க்கை இறுக்கி மறுபடி அழுத்தினான். நெஞ்சு எழுந்தது. இறங்கியது. மறுபடி எழுந்தது.

டாக்டர் பேப்பரில் குறித்துக்கொண்டார். "போதும் தம்பி. இடம் உங்களுக்குத்தான். கையை எடுங்க."

முனியராஜ் கையை எடுக்கவில்லை. பொம்மையின் நெஞ்சிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"நீங்க வந்து பிடிங்க சார். பிடிச்ச பெறகு விடுதேன்."

அறையில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு வந்து, அந்தப் பையின் அடியில் தன் கையைக் கொடுத்தார். அவர் ஒருமுறை அழுத்தி நெஞ்சு எழுந்ததைப் பார்த்த பிறகுதான், முனியராஜ் ஒவ்வொரு விரலாக எடுத்தான்.